மெழுகுக் கட்டியோடு வந்தவர்

மதுரை மாட்டுத்தாவணியில் டவுன் பஸ் ஏறிய ஒரு மேலூர்க்காரர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கல் குவாரியில் வேலை பார்த்து வெடித்துப்போன கைகள். மடியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பா. வெயில் பட்டபோதெல்லாம் துண்டை இழுத்து அதை மூடிக்கொண்டே வந்தார்.

"என்னண்ணே அது?" என்று கேட்டேன்.

"என் வீட்டுக்காரி குதிகால்ல வந்த கட்டி, தம்பி. தோல் புற்றுநோயாம், ரொம்ப அபூர்வமா வர்றதாம். வெட்டியெடுத்து மெழுகுல பதிச்சுக் குடுத்திருக்காங்க. தல்லாகுளத்து லேப்ல குடுத்தா, திரும்ப வருமா வராதான்னு ஓரளவு சொல்லிருவாங்களாம்."

"உங்க வீட்டுக்காரம்மா என்ன சொல்றாங்க?"

"தெரியவே வேணாம்னுட்டா. அவளுக்குத் தெரியாமத்தான் கொண்டுபோறேன்." டப்பாவின் மேல் துண்டைச் சரிசெய்துகொண்டே கேட்டார். "வரும்னு சொல்லிட்டா, அவ மூஞ்சிய நான் எப்பிடிப் பாக்குறது?"



தல்லாகுளம் வந்தது. "அண்ணே, இறங்கலையா?" என்றேன். அவர் அசையவில்லை. சிம்மக்கல்லில் என்னோடு இறங்கி, ரோட்டைத் தாண்டி எதிர்ப்புறம் போய் நின்றார். அங்கே வரும் பஸ் தல்லாகுளம் வழியாகத்தான் மாட்டுத்தாவணிக்குத் திரும்பும். அவர் லேபுக்குப் போனாரா, ஊருக்கே போய்விட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.