கோழிகளை நேசித்ததற்கான சான்றிதழ்

கிரான்பர்னில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தின் கன்ரீனில் வாரத்துக்கு மூன்று நாள் எனக்கு வேலை. அந்த மூன்று நாளும் ஒரு மணித்தியாலம் முந்திப் போய், காலைச் சாப்பாட்டு அறையில் பிள்ளைகளுக்குப் பாணை ரோஸ்ற்றாக வாட்டிக் கொடுப்பேன். அதற்குச் சம்பளம் இல்லை. இலங்கையில் சண்டைக் காலத்தில் என் படிப்பு பாதியில் நின்றது. இங்கிலீஷை இங்கே வந்து பஸ்ஸிலும் ரீவியிலும் பொறுக்கி எடுத்தவள் நான். ஒரு பள்ளிக்கூடத்துக்குள் ஆட்கள் என்னைத் தேடுகிறார்கள் என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம். அந்தச் சந்தோஷம்தான் என் கண்ணை மறைத்தது என்று இப்போது நினைக்கிறேன்.

இந்த மாநிலத்தில் காலைச் சாப்பாடு எல்லாப் பள்ளிக்கூடத்திலும் கிடையாது. எங்கள் பள்ளிக்கூடத்தில் உண்டு. பெரிய றோட்டைக் கடந்தால் வருகிற பள்ளிக்கூடத்தில் இல்லை. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வேறு வயிறா என்று ஒருநாள் கேட்டேன். நலன்புரி பார்க்கும் ரீச்சர், “எங்களுடையது அரசாங்கப் பட்டியலில் இருக்கிறது, அவர்களுடையது இல்லை” என்றா. நல்ல மனுசி. அவவைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

என்னோடு கன்ரீனில் நிற்கிறவ மதுரைப் பக்கத்துக்காரி. வாயைத் திறந்தால் ஏதாவது ஒன்று விழும். நான் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் மனுசனுக்குச் சொல்லிச் சிரிப்பேன். பட்டியல் கதையைக் கேட்டதும் தக்காளி வெட்டுகிற கத்தியை நிமிர்த்திப் பிடித்தா.

“ஏங்க்கா, எங்க ஊர்ல மணி அடிச்சா தட்டத் தூக்கிட்டு ஓடுவோம். சத்துணவு ஆயா ஒருநாளும் ‘உங்கப்பன் என்ன வேலை பாக்குறான்’னு கேட்டதில்ல. இந்த ஊர்ல பசிக்குறதுக்கும் ஃபாரம், பசிக்கலைங்குறதுக்கும் ஃபாரம்.”

“மெல்லக் கதையும், ரீச்சருக்குக் கேக்கப் போகுது” என்றேன்.

“கேட்டா என்னாங்குறேன். அவங்களுக்குத் தமிழ் தெரிஞ்சிருந்தா உங்களுக்கு ஏது இந்த மவுசு?”

சிரித்தேன். அவ சொன்னது உண்மை.

மூன்றாம் வகுப்பில் எங்கள் பிள்ளை ஒருத்தி இருந்தாள். எங்கள் பிள்ளை என்றால் இலங்கைத் தமிழ்ப் பிள்ளை. தகப்பன் படகில் வந்து, வருசக் கணக்காக முடிவு வராமல் தற்காலிகப் பிரிஜிங் விசாவில் தொங்கிக்கொண்டிருக்கிறவர். காலையில் மணி அடிக்க நாற்பது நிமிடம் முந்தியே வந்து, சாப்பாட்டு அறை வாசலில் தோள்பையோடு நிற்பாள். உள்ளே வரமாட்டாள். ரீச்சர் குனிந்து, “ரோஸ்ற் சாப்பிடுகிறாயா, செல்லம்?” என்று கேட்பா. அவள், “நோ தாங்க்யூ, வீட்டில் சாப்பிட்டுவிட்டேன்” என்று இங்கிலீஷில் அழகாகச் சொல்வாள். இப்படி மரியாதையான பிள்ளையைத் தான் கண்டதில்லை என்று ரீச்சர் ஊர் முழுக்கச் சொன்னா.

எங்கள் வீடுகளில் வந்த ஆளைச் சாப்பிடச் சொன்னால், “வேண்டாம், இப்பத்தான் சாப்பிட்டனான்” என்பார்கள். அது பதில் இல்லை. அது கதவைத் தட்டுகிற சத்தத்துக்கு ‘ஆர்?’ என்று கேட்கிற மாதிரி. இரண்டாம் தரம் கேட்க வேண்டும். மூன்றாம் தரம் கேட்கக் கூடாது, கோப்பையில் சாப்பாட்டைப் போட்டுவிட வேண்டும். வெள்ளைக்கார ரீச்சருக்கு ‘நோ’ என்றால் ‘நோ’. பிள்ளையின் சொல்லை மதிக்கிறதுதான் அவவின் மரியாதை. இரண்டு மரியாதைக்கும் நடுவில் பிள்ளை வாசலிலேயே நின்றாள்.

அந்த அறையில் இது தெரிந்த ஒரே ஆள் நான்தான். நானாவது பாணைக் கையில் திணித்திருக்கலாம். பிள்ளை வெட்கப்படும் என்று விட்டுவிட்டேன். இன்னும் உண்மையாகச் சொன்னால், வரிசை நீளமாக இருந்தது.

வருசத்தின் இரண்டாம் தவணைப் படிப்பு தொடங்கியபோது ரீச்சர் என்னைக் கூப்பிட்டா. மத்தியானச் சாப்பாட்டுப் பையும் கொடுக்கப் போகிறார்களாம். சான்ட்விச், ஒரு பழம், ஒரு யோகட். தாய் தகப்பன் கையெழுத்து வைத்த பிள்ளைகளுக்கு மட்டும். தவணையின் முதல் இரண்டு கிழமைக்குள் பெயர் போக வேண்டும், அதற்குப் பிறகு பைகளின் தொகையை மாற்ற முடியாது. அந்தப் பிள்ளையின் வீட்டுக்குத் தமிழில் போன் பண்ணிக் கேட்கச் சொன்னா. “நீங்கள் கேட்டால் சங்கடப்படமாட்டார்கள்” என்று சொல்லி என் தோளைத் தொட்டா. எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

போன் பண்ணினேன்.

“தங்கச்சி, நான் பிள்ளையின்ர பள்ளிக்கூடத்தில இருந்து கதைக்கிறன்.”

“ஐயோ அக்கா, பிள்ளைக்கு என்ன?”

“ஒண்டுமில்லையம்மா, சும்மாதான். எல்லாரும் சுகம்தானே? ஒரு குறையும் இல்லையே?”

“ஓம் அக்கா, சுகமா இருக்கிறம். ஒரு குறையும் இல்லை.”

“ஏதும் தேவையெண்டாக் கூச்சப்படாமச் சொல்லுங்கோ, என்ன.”

“ஓம், ஓம். நீங்கள் எடுத்து விசாரிச்சதே பெரிய காரியம்.”

அவ்வளவுதான். ரீச்சரிடம் போய், “அவர்கள் நல்லாய் இருக்கிறார்கள், தேவையில்லையாம்” என்றேன். அவ பெயருக்கு நேரே கோடு போட்டா. எங்கள் ஆட்களிடம் ‘வீட்டில் சாப்பாடு இருக்கா’ என்று நேரே கேட்கிறது உடுத்த சேலையைப் பிடித்து இழுக்கிற மாதிரி. அதை நான் எவ்வளவு பக்குவமாகச் செய்து முடித்தேன் என்று எனக்குள் ஒரு பெருமை. மதுரைக்காரிக்கும் சொன்னேன். அவ கீரை கழுவிக்கொண்டே, “பொடி வச்சுப் பேசுறதுல உங்க ஊரு ஆளுங்களை அடிச்சுக்க முடியாதுக்கா” என்றா. புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு கோழிக்கூடு உண்டு. மத்தியானம் வகுப்புக்குள் பத்து நிமிடம் சாப்பாட்டு நேரம். பிள்ளைகள் கடித்து விட்ட பாண் ஓரம், பாதி அப்பிள் எல்லாம் ஒரு வாளிக்குள் போகும். வாளியைக் கோழிகளிடம் கொண்டுபோக நாளுக்கு ஒரு பிள்ளை என்று முறை வைத்திருந்தார்கள். வாளி நாறும் என்று மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள். இந்தப் பிள்ளை எல்லாருடைய முறையையும் தானே வாங்கிக்கொண்டாள். அந்தத் தவணை நடுவில், திங்கட்கிழமைக் கூட்டத்தில் அதிபர் அவளை மேடைக்குக் கூப்பிட்டு, விலங்குகளிடம் அன்பு காட்டியதற்காக ஒரு சான்றிதழ் கொடுத்தார். எங்கள் பிள்ளை என்று நான் கை நோகத் தட்டினேன்.

அடுத்த கிழமை, வாடிப்போன லெற்றியூஸ் இலைகளைக் கோழிகளுக்குப் போடுவோம் என்று பெட்டியோடு போனேன். கூட்டுக்குப் பின்பக்கம் அவள் குந்தியிருந்தாள். முன்னால் வாளி. அப்பிள் நடுத்தண்டை எடுத்துக் கம்பிக்குள்ளால் எறிந்தாள். பாண் ஓரத்தை எடுத்துத் தன் தொப்பிக்குள் போட்டாள். வேலை தெரிந்த கை. தயிர் ஒட்டியிருந்த துண்டைச் சட்டையில் துடைத்து வாய்க்குள் வைத்தாள். அப்போதுதான் என்னைக் கண்டாள்.

மென்று விழுங்கும்வரை என்னையே பார்த்தாள். பிறகு இங்கிலீஷில், “கோழிகளுக்குப் பாண் ஓரம் பிடிக்காது, அன்ரி” என்றாள்.

கையில் லெற்றியூஸ் பெட்டியோடு நின்றேன். அவள் தொப்பியைப் பின்னால் மறைத்தாள். இந்த முறை தமிழில் சொன்னாள்.

“அம்மாட்டச் சொல்லாதேங்கோ.”

சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன். கன்ரீனில் இருந்து ஒரு சான்ட்விச் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கினாள், கடிக்கவில்லை. நான் போகும்வரை கையிலேயே வைத்திருந்தாள்.

ரீச்சரிடம் ஓடினேன். அவவின் முகம் வெளிறிவிட்டது. ஆனால் தவணைக்கான பைகள் எண்ணி வருகின்றன, ஒன்றை எடுத்து இவளுக்குக் கொடுத்தால் இன்னொரு பிள்ளைக்கு இல்லை. தன் வீட்டிலிருந்து கொண்டுவருகிறேன் என்றா. அடுத்த தவணைக்காவது பெயர் போக வேண்டுமென்றால் தாயின் கையெழுத்து வேண்டும். “அவர்கள் தேவையில்லை என்றார்களே?” என்று என்னைப் பார்த்தா. கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவ உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டா.

அன்று வேலை முடிய நேரே அந்த வீட்டுக்குப் போனேன். வேறொருவருடைய வீட்டின் பின்பக்கத்தில் இரண்டு அறை. பிள்ளை பக்கத்துப் பூங்காவில் தங்கச்சியோடு விளையாடப் போயிருந்தாள். தாய்க்கு முப்பது வயதிருக்கும். என்னைக் கண்டதும் ஒரே ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டுவிட்டு, பிளேன்ரீ ஊற்றக் குசினிக்குள் போனா. புருசனுக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. போனில் மெசேஜ் வந்தால் அன்றைக்கு வேலை, வராவிட்டால் இல்லை. இப்போது வருவது குறைவாம். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னா.

பிறிஜ் கதவில் அந்தச் சான்றிதழ் ஒட்டியிருந்தது. நான் பார்க்கிறதைக் கண்டு முகம் மலர்ந்தா.

“பாத்தீங்களே அக்கா? ஊரில நாய்க்குட்டியக் கண்டாலும் பயந்து ஓடுற சாதி நாங்கள். இவளுக்கு எங்கயிருந்து இந்தக் குணம் வந்ததோ தெரியேல்லை. இவளின்ர அப்பா போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினவர்.”

நான் ஃபாரத்தை மேசையில் வைத்தேன். “தங்கச்சி, இதில ஒரு கையெழுத்து வையுங்கோ. மத்தியானம் பிள்ளைக்குச் சாப்பாடு குடுப்பினம்.”

“அதுதான் இப்பவும் குடுக்கினம்தானே.”

“ஆர் குடுக்கினம்?”

“பள்ளிக்கூடத்தில. காலமையும் குடுக்கினம், மத்தியானமும் குடுக்கினம் எண்டு பிள்ளை சொன்னவள். வெறும் பெட்டியும் கரண்டியும் கொண்டுபோவாள், அதுக்குள்ள போட்டுத் தருவினமாம். காலமை நான் அவிக்கிறதைத் தங்கச்சிக்குக் குடுக்கச் சொல்லிப்போட்டு வெளிக்கிட்டிடுவாள்.”

பள்ளிக்கூடத்தில் வீட்டில் சாப்பிட்டேன் என்றும், வீட்டில் பள்ளிக்கூடத்தில் சாப்பிடுகிறேன் என்றும் எட்டு வயதுப் பிள்ளை சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள். இரண்டு பக்கமும் நம்பியிருக்கிறோம். நம்புவது எங்களுக்கு வசதியாக இருந்திருக்கிறது.

சொல்லாமல் விட்டால் கையெழுத்து விழாது. பிள்ளைக்குக் கொடுத்த வாக்கை அந்தக் கதிரையில் இருந்தபடியே உடைத்தேன். வாளியைச் சொன்னேன், தொப்பியைச் சொன்னேன், தயிர் துடைத்ததை மட்டும் விட்டுவிட்டேன். தாய் அழவில்லை. எழும்பிப் போய்ச் சான்றிதழை நகத்தால் மெல்லக் கிளப்பினா. ஒரு மூலை கிழிந்தது. அதை மடித்து எங்கே வைக்கிறதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டா.

“அண்டைக்குப் போன் எடுத்தது இதைக் கேக்கவோ?”

“ஓம்.”

“நீங்கள் சாப்பாடெண்டு ஒரு சொல்லும் சொல்லேல்லையே அக்கா.”

“நீங்கள் வெட்கப்படுவியள் எண்டு…”

“நான் வெட்கப்பட்டிருப்பன்தான். வெட்கப்பட்டுப்போட்டுக் கையெழுத்து வைச்சிருப்பன்.”

கையெழுத்து வைத்தா. மேசையில் இருந்த தேத்தண்ணி ஆறிப் போயிருந்தது. வாசல்வரைக்கும் வந்து வழியனுப்பவும் செய்தா. அதுதான் இன்றைக்கும் எனக்குள் குத்துகிறது. ஏசியிருக்கலாம்.

அந்தத் தவணையின் மிச்ச நாள் முழுக்க ரீச்சர்தான் தன் வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுவந்தா. மூன்றாம் தவணையில் பிள்ளையின் பெயர் பட்டியலில் ஏறியது. முதல் நாள் காலையில் நான் எல்லாருக்கும் முந்திப் போய்ப் பாணை வாட்டி, பட்டர் தடவி, ஒரு கோப்பையைத் தனியே வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி நின்றேன். வந்தாள். வாசலில் என்னைக் கண்டதும் திரும்பி விளையாட்டு மைதானத்துக்கு நடந்தாள். அடுத்த நாளும் அப்படியே. எனக்கு வேலையில்லாத வியாழக்கிழமை உள்ளே போய் இரண்டு துண்டு பாண் சாப்பிட்டாள் என்று ரீச்சர் சொன்னா. வெள்ளிக்கிழமை நான் நின்றேன், அவள் வரவில்லை.

தாய்க்குப் போன் எடுத்தேன். இந்த முறை சுற்றி வளைக்கவில்லை. தாயும் வளைக்கவில்லை.

“அந்த அன்ரி நிண்டாப் போகமாட்டாளாம் அக்கா. உங்களில கோவமில்லை எண்டுதான் சொல்லுறாள். அண்டைக்குக் கோழிக்கூட்டடியில நீங்கள் பாத்தனீங்களாம், அதுதானாம்.”

ரீச்சரிடம் இனிக் காலையில் வரமுடியாது என்று சொன்னேன். காரணம் கேட்டா, முழங்கால் நோகிறது என்றேன். மதுரைக்காரிக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். ஏதாவது சொல்லுவா, வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று பார்த்தால், அவ கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “வாங்கக்கா, நாம வெங்காயம் உரிப்போம்” என்றா.

இப்போதும் கன்ரீனுக்கு அந்த மூன்று நாளும் வருகிறேன். காலை மணி அடிக்கும்வரை ஷட்டரை இறக்கியே வைத்திருப்பேன். பின் கதவால் ரீச்சர் எட்டிப் பார்த்து, இன்றைக்கு அவள் எத்தனை துண்டு சாப்பிட்டாள் என்று சொல்லிவிட்டுப் போவா. போன கிழமை வந்தபோது கொஞ்சம் தயங்கி நின்றா.

“உள்ளே வர முதல் கேட்டாள், நீங்கள் வந்திருக்கிறீர்களா என்று. என்ன சொல்ல?”

“வரவில்லை என்று சொல்லுங்கள்” என்றேன்.