அம்மாள் வந்த வீட்டில் வருசம்

எங்கள் ஊர்ப்பக்கம் வீடு பெண்ணுக்குத்தான். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வருவார். பெண் பிறந்த வளவிலேயே இருப்பாள். இதைக் கேள்விப்பட்ட வெளியூர்க்காரர்கள், "உங்களுக்கென்ன, ராணிகள்" என்று சொல்வார்கள். நானும் சிரித்துத் தலையாட்டியிருக்கிறேன். ஆனால் யுத்த காலத்துச் சித்திரை ஒன்றில், என் பெயரில் எழுதிய அந்த வீட்டுக்குள் நான் அடைபட்டுக் கிடந்தேன். அப்போது அதைப் பெயர்த்து வாவிக்குள் தள்ளிவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது.

நாவற்குடாவில் எங்கள் அம்மாவின் வளவை இரண்டாக்கி அக்காவுக்கு ஒரு பாதியும் எனக்கு ஒரு பாதியும் கொடுத்திருந்தார்கள். நடுவில் தென்னோலை பின்னிய ஒரு கிடுகு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் அக்காவின் மாமரம். ஒவ்வொரு வருசப் பிறப்புக்கும் அதில்தான் ஊஞ்சல் கட்டுவார்கள். ஒழுங்கை வீடுகளில் உள்ள பெண்பிள்ளைகள் எல்லாம் விடிந்தால் அந்த மரத்தடியில்தான். ஊஞ்சல் பலகையில் நின்று உழக்கி ஆடுவதில் என் மூத்தவளுக்கு ஈடு கிடையாது. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. மாசியிலேயே தொடங்கிவிடுவாள், வருசத்துக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டு என் உயிரை வாங்க. இளையவளுக்கு ஆறு வயது. அவளை யாராவது மடியில் வைத்து ஆட்டினால் போதும்.

பங்குனி முடிகிற நேரம் இளையவளுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டாம் நாள் நெஞ்சில் நீர்க்கொப்பளம் போட்டது. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த அக்கா இரண்டு கையையும் கூப்பிவிட்டாள்.

"அம்மாள் வந்திரிக்கா. சத்தம் போடாத தங்கச்சி. வாசல் படலையில வேப்பிலையக் கட்டு."

அவ்வளவுதான். படலையில் வேப்பிலை ஏறியதும் எங்கள் வீடு ஊருக்கு இல்லாமல் போனது. யாரும் உள்ளே வரக்கூடாது, உள்ளே இருப்பவர் வெளியே போகக்கூடாது. அடுப்பில் எண்ணெய்ச் சட்டி வைக்கக்கூடாது, தாளிக்கக்கூடாது, நான் தலை சீவக்கூடாது. வருசத்துக்கென்று முறுக்குக்கு இடித்து வைத்த மாவு பானையில் அப்படியே கிடந்தது. பிள்ளைக்குக் குணமாகித் தண்ணீர் வார்க்கும் வரைக்கும் இதுதான் சட்டம். வீட்டுக்காரர் புளியந்தீவில் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர். அம்மாள் வந்த வீட்டிலிருந்து போனால் கந்தோரில் ஏற்றமாட்டார்கள் என்று அன்று பின்னேரமே இரண்டு வேட்டியைச் சுருட்டிக்கொண்டு கூட்டாளி வீட்டுக்குப் போய்விட்டார். படலையைத் தாண்டும்போது முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டுதான் போனார். சைக்கிளில் ஏறின வேகத்தைப் பார்த்தேன், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இளையவளை உள் அறையில் வேப்பிலை பரப்பிப் படுக்க வைத்தேன். நான் அவளுக்குப் பக்கத்தில். மூத்தவள் விறாந்தையில் தனியே பாய் போட்டுப் படுத்தாள். அவளுக்கும் தொற்றிவிடக்கூடாதே என்ற பயம் எனக்கு. அவள் அறை வாசலுக்கு வந்தால் "அங்கால போ" என்பேன். என் சேலையைப் பிடிக்க வந்தாலும் அதே "அங்கால போ". அந்த நாட்களில் நான் அவளோடு பேசியதில் பாதி இந்த இரண்டு சொல்தான்.

அம்மன் கோயில் கட்டாடியார் விபூதி கொண்டுவந்தார். கோயிலில் பூசை செய்பவர். அவர் மட்டும் உள்ளே வரலாம். போகும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்.

"புள்ள கேக்கிறதெல்லாம் அவ கேக்கிறதுதான். இல்லையெண்டு சொல்லப்படா."

படுத்திருந்த ஆறு வயதுக்காரி கண்ணை மூடியிருந்தாள், காதை மூடவில்லை. அடுத்த நாளே ஆட்சி தொடங்கியது. இளநீர் கேட்டாள். கொடுத்தால், இது வேண்டாம், செவ்விளநீர் வேண்டும் என்றாள். அக்காவின் ஆட்டுக்குட்டியை யன்னலுக்குக் கீழே கட்டச் சொன்னாள், கட்டினோம். ஒரு பின்னேரம் தகப்பன் படலைக்கு வெளியே வந்து நின்றபோது, அப்பா சேவல் மாதிரிக் கூவ வேண்டும் என்று கேட்டாள். கோட்டுப் போட்ட கச்சேரி உத்தியோகத்தர் ஒழுங்கையை இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு கையைக் கூப்பிக்கொண்டு, பயபக்தியோடு, கொக்கரக்கோ என்று கூவினார். அத்தனை நாளில் நான் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான். மூத்தவள் சிரிக்கவில்லை. விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு தகப்பனையும் யன்னலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

வேலை செய்வதில் அவளைக் குறை சொல்ல முடியாது. கிணற்றில் தண்ணீர் அள்ளினாள், கஞ்சிக்கு அரிசி களைந்தாள். இளையவளுக்குக் கீழே பரப்பிய இலையைத் தினமும் மாற்ற வேண்டும். பழைய இலையைக் கால்படாமல் வளவின் பின்னால் வாவியில் விட வேண்டும். நான் அறையை விட்டு அசைய முடியாததால் இலையைத் துணியில் முடிந்து வாசலில் வைப்பேன். சொல்லாமலே அவள் அதை எடுத்துக்கொண்டு போவாள். தாய்க்கு ஒத்தாசையான பிள்ளை என்று எனக்குள்ளே பெருமைகூட வந்தது. ஒருநாள் முடிச்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, எனக்கு எப்ப அம்மாள் வருவா?"

"வாயக் கழுவு, சனியன்! போ அங்கால."

வருசம் பிறந்தது. கோயில் மணி கேட்டது. ஒழுங்கையில் யார் யாரோ சிரித்துக்கொண்டு போனார்கள். நான் தலைவிரி கோலமாக, இளையவளுக்கு விசிறியபடி இருந்தேன். வருசத்தன்று தலையில் தடவிக் குளிக்கிற மருத்துநீரை மூத்தவளுக்கு வைக்கக்கூட என் கை உதவாது. நோயாளியைத் தொட்ட கை. அக்காதான் செம்பில் மருத்துநீர் கொண்டுவந்து, அவளை வேலியோரம் நிற்கச் சொல்லி, மேலால் கையை நீட்டி உச்சியில் தடவிவிட்டாள். அவள் குளித்துவிட்டுப் பழைய பாவாடையையே உடுத்தாள். அம்மாள் இருக்கும் வீட்டில் புது உடுப்பு எடுக்கக்கூடாது. அவளுக்காக நான் தைத்து வைத்த சட்டை பெட்டிக்குள் இருந்தது அவளுக்கும் தெரியும்.

தகப்பன் கைவிசேஷம் கொடுக்க வந்தார். வெற்றிலையில் நெல்லும் காசும் வைத்து, படலைக் கம்பின்மேல் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கையில தாங்க, அப்பா."

"கம்பில இரிக்குதே மகள். எடுங்க."

"கைவிசேஷமெண்டா கையிலதானே தாற?"

அவர் என்னைப் பார்த்தார். நான் யன்னலில் நின்று எதைச் சொல்வது? கச்சேரி, அம்மாள், தொற்று, ஊர்வாய், இதில் எதை? அவர் சைக்கிளைத் திருப்பினார். அவள் வெற்றிலையை எடுக்கவே இல்லை. பின்னேரம் ஆடு வந்து வெற்றிலையைத் தின்றுவிட்டுப் போனது. மண்ணில் விழுந்த காசை நான்தான் பொறுக்கி எடுத்தேன்.

அன்று பகல் முழுவதும் வேலிக்கு அப்பால் ஊஞ்சல் சத்தம். கயிறு கிளையில் உரசுவதும் பிள்ளைகள் பாடுவதும் கூச்சலிடுவதும் வீட்டுக்குள்ளே கேட்டுக்கொண்டிருந்தது. மூத்தவள் கிடுகு ஓட்டையில் கண்ணை வைத்தபடி நின்றாள். நான் கூப்பிட்டும் வரவில்லை. மத்தியானம் போல இளையவள் எழும்பி உட்கார்ந்தாள்.

"எனக்கும் ஊஞ்சல் வேணும்."

சேதி வேலியைத் தாண்டியதும் அக்கா பதறிப்போனாள். அம்மாளே ஊஞ்சல் கேட்கிறாள் என்றால் சும்மாவா! நல்ல சேலை ஒன்றை வேலிக்கு மேலால் எறிந்தாள். நான் அதை அறையின் கூரை வளையில் தொட்டில் ஏணை மாதிரிக் கட்டி, இளையவளை இருத்தி ஆட்டினேன். அதுவும் போதவில்லை அவளுக்கு; தன் அக்கா பாட வேண்டும் என்றாள். மூத்தவள் அறைக்குள் வரக்கூடாது. ஆகவே கதவுக்கு வெளியே நின்று, வேலிக்கு அப்பால் அவள் பாடியிருக்க வேண்டிய பாட்டைத் தங்கைக்குப் பாடினாள். நான் ஏணையை ஆட்டிக்கொண்டே கதவு நிலைக்கு வெளியே அவளைப் பார்த்தேன். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, இரண்டும் நான் பெற்றவை. ஒன்றைத் தொட்ட கையால் மற்றதைத் தொட முடியாது. எனக்கு அந்த நேரம் அம்மாள்மேலும் கோபம், அக்காமேலும் கோபம், சைக்கிளில் போன மனிசன்மேலும் கோபம். அழுதால் நோய்க்கு ஆகாது என்பார்கள், ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டினேன்.

ஒருவழியாகக் கொப்பளங்கள் காய்ந்தன. கட்டாடியார் நாள் சொன்னார். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரை இளையவளின் தலையில் வார்த்தோம். இனிப் படலை வேப்பிலையை அவிழ்க்கலாம், அவர் பெட்டியோடு திரும்பி வரலாம், நான் தலை சீவலாம். சந்தோசத்தில் வீடெல்லாம் கூட்டத் தொடங்கினேன். விறாந்தையில் மூத்தவளின் பாயைத் தூக்கி உதறினேன்.

பாய்க்குக் கீழே வேப்பிலை. காய்ந்தது, பாதி காய்ந்தது, சருகாய் நொறுங்கினது என்று தலைமாட்டிலிருந்து கால்மாட்டு வரை பரப்பிக் கிடந்தது. இவ்வளவு நாளும் வாவியில் விட்டாள் என்று நான் நினைத்திருந்த இலை. தங்கைக்குக் கீழே கிடந்ததை எடுத்து வந்து, அதன்மேல் படுத்து, அம்மாளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

திரும்பிப் பார்த்தேன். அவள் தூணோரம் நின்றாள். கன்னம் காய்ச்சலில் சிவந்திருந்தது. சட்டைக் கையை மெல்ல உயர்த்திக் காட்டினாள். முழங்கைக்கு மேலே நீர் கோத்த கொப்பளங்கள் மூன்று நான்கு.

"எனக்கும் வந்திரிக்கு, அம்மா."

கையை ஓங்கிவிட்டேன். ஓங்கிய கை நடுவிலேயே நின்றது. அம்மாள் வந்தவளை இனி அடிக்க முடியாது. மறுபடியும் வேப்பிலை, மறுபடியும் பூட்டு. ஐயோ என்று தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன். சத்தம் கேட்டு அக்கா வேலிக்கு மேலால் பார்த்தாள். பார்த்ததும் கையைக் கூப்பினாள். என் மகளை விட இருபது வயதுக்கு மேல் பெரியவள், அந்தப் பிள்ளையிடம் பணிந்து கேட்டாள்.

"என்ன தாயே வேணும்? கேளுங்க, தாறம்."

ஊஞ்சலைக் கேட்பாள் என்று நினைத்தேன். பெட்டிக்குள் இருக்கும் சட்டையைக் கேட்பாள், தகப்பனைக் கூவச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் பெரியம்மாவைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"அம்மா என்னோட வந்து படுக்கணும். அங்கால போ எண்டு சொல்லப்படா."

அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா வேலிக்கு மேலே கைகூப்பியபடியே நின்றாள். நான் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு, அந்தப் பாயை விரித்து, அவளுக்குப் பக்கத்தில் படுத்தேன்.