மாலை வகுப்புக்குப் பதினைந்து கையெழுத்து

எல்லப்பனுக்குப் பள்ளிக்கூடத்தின் மேல் முப்பத்தைந்து வருஷத்துக் கோபம். ஏழாம் வகுப்பில் கணக்கு வராத, அவனையும் சேர்த்து ஆறு பேரைப் பிரித்து, தனியாகச் சொல்லித் தருவதாக வராந்தாவில் உட்கார வைத்தார்கள். சொல்லித் தரவில்லை. ஆறு பேரும் தண்ணீர் தூக்கினார்கள், வாத்தியார்களுக்கு டீ வாங்கி வந்தார்கள். முழுப் பரீட்சைக்கு முன்னால் டி.சி.யைக் கையில் திணித்து அனுப்பிவிட்டார்கள். அவன் அம்மாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னவர் யாருமில்லை. அன்றிலிருந்து பள்ளிக்கூடம் என்று யாராவது பேச்செடுத்தாலே அவன் குரல் ஏறிவிடும்.

அப்படிப்பட்டவன் ஓட்டுகிற, கம்பெனி ஆட்களை ஏற்றிப்போகும் ஷிப்ட் பஸ்ஸைத்தான் அன்னபுஷ்பம் குறிவைத்தார்.

சுங்குவார்சத்திரத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் சமையல் வேலை அந்தம்மாவுக்கு. அதற்கு முன் ஒன்பது வருஷம் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சர்க்யூட் போர்டு சோதிக்கும் மேசையில் நின்றவர். பார்வை மங்கியதும் அவர்கள் காண்ட்ராக்ட்டை நீட்டிக்கவில்லை. அவருடைய பெண் ஷாரோனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவே வரவில்லை என்பது அவள் ஒன்பதாவது வந்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. ஒரு டீச்சர் வருஷம் முழுக்கச் சாயங்காலத்தில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்து அவளைத் தூக்கிவிட்டார். ஷாரோன் இப்போது நர்சிங் படிக்கிறாள். அதற்குப் பிறகுதான் அன்னபுஷ்பம் பள்ளி மேலாண்மைக் குழுவில் போய்ச் சேர்ந்தார்.

அந்த வருஷம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், பின்தங்கிய பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு எடுக்க ஒரு டீச்சர் வருவதாக இருந்தது. ஒரு நிபந்தனை: பெற்றவர்கள் பதினைந்து பேராவது வெள்ளிக்கிழமைக்குள் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். இல்லாவிட்டால் டீச்சர் வேறு ஊருக்குப் போய்விடுவார். பள்ளியில் கூட்டம் போட்டார்கள். நாலு பேர் வந்தார்கள். மற்றவர்கள் ஷிப்டில் இருந்தார்கள், அல்லது ஷிப்ட் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை மதியம், ஒரகடம் போகும் எல்லப்பனின் பஸ் படியில் அன்னபுஷ்பம் காலை வைத்தார்.

"அண்ணா, ரெண்டு ஸ்டாப்பு மட்டும் ஏறிக்கிறேன். உள்ள கீறவங்க பாதிப் பேரு நம்ம ஸ்கூல் பிள்ளைங்களப் பெத்தவங்க."

"ஐடி கார்டு கீதா?"

"இல்லண்ணா."

"அப்ப எறங்கும்மா. என் பொழப்புல மண்ணப் போடாத."

இறங்கிவிட்டார். அடுத்த ஸ்டாப்பில் பார்த்தால் ஷேர் ஆட்டோவில் முந்தி வந்து நிற்கிறார்! ஜன்னல் வழியாகப் படிவத்தை நீட்டுகிறார். அதற்கடுத்த ஸ்டாப்பிலும் அப்படியே.

"டிரைவரண்ணா, இன்னும் மிதி! வண்டிய செக்கிங் தொரத்துது!" என்று பின்சீட்டில் ஒரே சிரிப்பு.

செவ்வாய் முடிய மூன்று கையெழுத்துதான் திரும்பி வந்தது. புதன்கிழமை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சாம்சன் மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டான். அவன் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் நிற்பவன். பெண் ஏழாவது படிக்கிறாள்.

"எக்கா, சும்மா சும்மா பேப்பர நீட்டாத. எங்க லைன்ல கை ஸ்லோவா கீறவன தனியா கூப்ட்டு, மறுபடியும் டிரெயினிங்னு ஒக்கார வெப்பான். அப்பிடிப் போனவன் ஒருத்தனாச்சும் அடுத்த மாசம் கேட்டுக்குள்ள வந்துகீறானா? எம்பொண்ண மட்டும் தனி கிளாஸ்ல ஒக்கார வெப்பியா? நான் இன்னா கேனையா?"

பஸ்ஸே ஆமாம் போட்டது. "கரெக்டா சொன்னடா" என்று ஸ்டியரிங்கைத் தட்டினான் எல்லப்பன்.

அன்னபுஷ்பம் ஜன்னலில் நீட்டிய தாளை மடக்கிக்கொண்டார். பார்வை மங்கியபோது அவரையும் அப்படி ஒரு டிரெயினிங்கில் உட்கார வைத்துத்தான் வெளியே அனுப்பினார்கள். இருந்தும் இது அவருக்குத் தோன்றவேயில்லை.

"நீ சொல்றது நாயம் சாம்சன். பேப்பர் எழுதின எங்க மேலதான் தப்பு" என்றார். பிறகு டிரைவர் பக்கம் வந்தார். "அண்ணா, உங்க அறிவுமதியும் லிஸ்ட்ல கீறா. கடைசியா எப்ப உங்க எதுர சத்தமா படிச்சா?"

"எம்பொண்ணு நல்லாத்தான் படிக்கிறா! நவுரு!" என்று வண்டியை எடுத்துவிட்டான்.

ஆனால் கேள்வி அவனோடு வீட்டுக்கு வந்துவிட்டது. சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு வந்த எட்டாம் வகுப்பு மகள் அறிவுமதியிடம் கம்பெனி நோட்டீஸ் ஒன்றை நீட்டினான்.

"இத்த படிச்சிக் காட்டு."

"கண்ணு எரியுதுப்பா. நீயே படி."

எல்லப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கணக்குப் போடச் சொன்னபோதெல்லாம், ரெண்டு வருஷம் அவன் தன் அம்மாவிடம் சொன்ன அதே பொய். அந்தம்மா பாவம், உச்சந்தலையில் விளக்கெண்ணெய் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

உள்ளே போய் மனைவி ரத்தினத்தைக் கேட்டான். "இவளுக்குப் படிக்க வரலன்னு உனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"ஸ்கூலுன்னாலே வூடு அதிர்ற மாதிரி கத்துவ. யாரு உங்கிட்ட வாயத் தொறக்கிறது?"



வியாழக்கிழமை அன்னபுஷ்பம் வேறு தாளோடு வந்தார். பழைய தாளில் 'தனிப்பிரிவில் சேர்க்கச் சம்மதம்' என்று ஒரே வரி. முந்தின நாள் தலைமை ஆசிரியையின் மேசையை விட்டு எழுந்திருக்காமல் புதிதாக எழுத வைத்திருந்தார். பிள்ளை அதே வகுப்பில்தான் இருக்கும், வருகைப் பதிவு எண்கூட மாறாது. நாலு மணியிலிருந்து ஐந்தேகால் வரை மட்டும் கூடுதலாகச் சொல்லித் தருவார்கள். இதற்காக யாருக்கும் டி.சி. கிடையாது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை பெற்றவர்கள் வந்து பிள்ளை படிப்பதைக் கேட்கலாம். பிடிக்காவிட்டால் எந்த நாளிலும் நிறுத்திக்கொள்ளலாம். கீழே கையெழுத்து, பள்ளியின் முத்திரை.

எல்லப்பன் தாளை ஜன்னல் வழியாக வாங்கிப் படித்துவிட்டு முன்கதவைத் திறந்தான். "ஏறும்மா."

"ஐடி கார்டு இல்லயேண்ணா."

"நான்தான் ஏறச் சொல்றன்ல?"

இன்ஜினை அணைத்தான். எழுந்து திரும்பி நின்று, அந்த ஏழாம் வகுப்புக் கதையைச் சொன்னான். பெண்டாட்டியிடம்கூட முழுசாகச் சொல்லாத கதை.

"அன்னிக்கி எங்கம்மா கையில இப்பிடி ஒரு பேப்பர் இருந்திருந்தா, அது வராந்தாவுல வந்து நின்னு 'எம்புள்ளைக்கு இன்னாடா சொல்லித் தர்றீங்க'ன்னு கேட்டிருக்கும். இதுல வந்து பாருன்னு போட்டுக்கீது. நான் போயிப் பாப்பேன். எம்பொண்ண தண்ணி தூக்க வெச்சானுங்கன்னு வெய்யி, இந்த பஸ்ஸ ஸ்கூல் வாசல்ல குறுக்கப் போட்ருவேன்!"

சொல்லிவிட்டு ஸ்டியரிங் மேலேயே தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டான்.

"பேனாவ இப்டி குடுண்ணா" என்றான் சாம்சன்.

ஒரகடம் போய்ச் சேர்வதற்குள் பத்தொன்பது கையெழுத்து. வண்டி பதினோரு நிமிஷம் தாமதம். விளக்கம் எழுதித் தரச் சொன்னார் சூப்பர்வைசர். 'ஸ்கூல் வேலை' என்று இரண்டே வார்த்தை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான் எல்லப்பன்.

டீச்சர் வந்தார். வகுப்பு நடந்தது. ஒரு இரண்டாவது சனிக்கிழமையைக்கூட எல்லப்பன் விடவில்லை. முதல் மாதம் வராந்தா, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தான். பிப்ரவரியில் அறிவுமதி வரலாற்றுப் பாடத்தில் ஒரு முழுப் பக்கத்தை எல்லார் முன்னாலும் நின்று படித்தாள். வரிக்கு அடியில் விரல் ஓடியது. இரண்டு இடத்தில் தடுக்கியது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை; அவளே தாண்டிப் போனாள். சாம்சன் விசிலடித்தான்.

"இன்னொரு பக்கம் படி!" என்று கத்தினான் எல்லப்பன்.

"அண்ணா, இது தியேட்டர் இல்ல" என்றார் டீச்சர், சிரித்துக்கொண்டே.

அறிவுமதி இன்னொரு பக்கமும் படித்தாள்.

அடுத்த ஜூனில் விடுதியைப் பென்னலூருக்கு மாற்றினார்கள். அண்டா குண்டாவோடு அன்னபுஷ்பமும் மினி லாரியில் ஏறினார். வழியனுப்ப எல்லப்பன் போயிருந்தான். போன மாதமே அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்துவிட்டதாகவும், அங்கும் அதே மாதிரி வகுப்பு, அதே பயம் என்றும் சொன்னார் அவர். லாரி கிளம்பும்போது தலையை வெளியே நீட்டினார்.

"அங்க தசரதன்னு ஒருத்தரு, ஃபோர்க்லிஃப்ட் ஓட்றாரு. அவரு பொண்ணு லிஸ்ட்ல கீறா. மூணு தடவ போயிட்டேன், மூஞ்சிலயே கதவ சாத்துறாரு. நாயித்துக்கெழம அவருக்கு லீவு. நீங்க ஒரு தபா போயிப் பேசுங்கண்ணா. கத்தாம பேசுங்க."