அமாவாசையன்று வந்த மொஹிங்கா

இன்று காலை ஏழு மணி பத்து நிமிடத்திற்கு, யாங்கோன் நகர மையத்தில், வழிகாட்டியுடன் கடைகடையாக நடந்து உண்ணும் சிறு குழுவில் சேர்ந்தேன். இத்தாலியிலிருந்து வந்த ஒரு தம்பதி, இவ்வூரிலேயே வசிக்கும் நான், வழிகாட்டி மா சூ. அவள் இந்நகரின் தாமுவே பகுதிப் பெண்; அவளுடைய அம்மா தமிழர்.

முதற்கடையில் அரிசி நூடுல்ஸில் மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா வந்தது. கரண்டியை எடுத்தேன்.

"தாத்தா, நில்லுங்க! இன்னைக்கு அமாவாசை. எங்கம்மா மீன் தொடமாட்டாங்க. நீங்க சாப்பிடுவீங்களா?"

"அமாவாசை நாளைக்கும்மா. எனக்குத் தேதி தப்பாது."

அவள் வாதாடவில்லை. கடைச் சுவரிலிருந்த பர்மிய நாட்காட்டியைக் காட்டினாள். இன்றுதான்.

என் தகப்பனார் மறைந்தபின் ஓர் அமாவாசையிலும் நான் மீன் தொட்டதில்லை. கரண்டியை வைத்துவிட்டேன். இத்தாலிய அம்மையார் என் கிண்ணத்தையும் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மா சூ எதிர்க்கடைக்கு ஓடி, வேகவைத்த பட்டாணியும் சூடான நான் ரொட்டியும் வாங்கிவந்தாள். அவ்வளவு ருசி! தமிழ் அவளுக்குத் தட்டுத்தடுமாறித்தான் வருகிறது. ஆயினும் முன்பின் அறியாத ஒரு கிழவனின் விரதத்தை அவளே காத்தாள்.

வீடு திரும்பிப் பார்த்தால், தினசரி நாட்காட்டியில் நேற்றைய தாள் கிழிக்கப்படாமலே இருக்கிறது. அதைக் கிழிக்க வேண்டியவர் யார் என்று மட்டும் எவரும் கேட்க வேண்டாம். மற்ற கருத்துகள் வரவேற்கப்படுகின்றன.