பதினைந்து நாள் விதி

1938 ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்தேன். ராகிக் கஞ்சி, நாரத்தங்காய் ஊறுகாய். எட்டு மணிக்கு மழைமானியைத் திறந்து அளந்தேன்; அறுபத்திரண்டு செண்டு, அரை அங்குலத்துக்குச் சற்று மேல் மழை. எட்டேகாலுக்கு மலைக் காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரைகளை எண்ணி டப்பாவில் போட்டேன். எட்டரைக்கு, உப்பு வாங்க முதல் நாள் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கியிருந்த ஊர்க்காரர் ஒருவர் திரும்பி வந்து, எனக்கு ஒரு தபால் கட்டைக் கொடுத்தார். அவிழ்க்காமலே என்னவென்று தெரிந்தது. நோட்டு.

நான் அப்போது சுகாதார இலாகாவில் குமாஸ்தா. கொல்லிமலையில் காய்ச்சல் கணக்கெடுக்க மே மாதம் மேலே அனுப்பினார்கள். வளப்பூர் நாட்டில் முகாம்; மலையில் சில ஊர்கள் சேர்ந்ததை நாடு என்பார்கள். மலைக்குத் தபாலாபீஸ் கிடையாது. மேலே வரவேண்டிய தபாலை அடிவாரத்தில் ஒரு ராவுத்தரின் உப்புக் கடையில் கொடுத்துவிடுவார்கள். அவர் அதை ஒரு தகரப் பெட்டியில் போட்டு வைப்பார். எங்கள் பக்கத்து ஆள் யாராவது இறங்கினால் கொடுத்தனுப்புவார். அதுவரை அது அங்கேயே கிடக்கும். உறையில் காளப்பநாயக்கன்பட்டி முத்திரை ஜூலை 20 என்று இருந்தது. விரலை மடக்கி எண்ணினேன். இருபது நாள்.

நோட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். சமவெளியில் ஒரு சின்னக் கல்லூரியில் இண்டர்மீடியட் படித்தேன். இரண்டு ஓட்டுக் கட்டடம், ஒரு கிணறு, பின்னால் விடுதி. எங்கள் வகுப்பில் விடுதியில் இருந்தவர்கள் பதினொரு பேர். அவர்களில் ஒருவன் கொல்லிமலைக்காரன். பைல் நாட்டு விவசாயக் குடும்பம். ஒரு காட்டிலாகா ரேஞ்சர் அவனைக் கீழே கொண்டுவந்து படிக்க வைத்திருந்தார். விடுதிச் சமையலறையில் எங்கள் பத்துப் பேருக்கும் பந்தி. அவனுக்கு மட்டும் விறகுக் கொட்டகை ஓரத்தில் இலை. யாரும் உத்தரவு போடவில்லை. முதல் நாள் அவன் அங்கே போய் உட்கார்ந்தான், நாங்கள் கூப்பிடவில்லை, அதுவே வழக்கமாகிவிட்டது.

முதல் வருஷம் மாசியில் எனக்கு அம்மை போட்டது. விடுதி ஒரே நாளில் காலியாயிற்று. சமையல்காரரும் போய்விட்டார். அவன் போகவில்லை. பதின்மூன்று நாள் சாமைக் கஞ்சி வைத்துக் கொடுத்தான். வேப்பிலை பறித்து வந்து போட்டான். எனக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் அவன்தான். மற்றவர்கள் திரும்பி வந்த அன்று மத்தியானம் நான் என் இலையை எடுத்துக்கொண்டு போய் விறகுக் கொட்டகை ஓரத்தில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மறுநாள் இன்னொருவன் வந்தான். பங்குனி முடிவதற்குள் பதினொரு பேருக்கும் அங்கேதான் பந்தி. கல்லூரியை விட்டுப் போன பிறகும் இந்தப் பந்தி கலையக்கூடாது என்று கடைசி நாள் பேசிக்கொண்டோம். ஒரு நோட்டு வாங்கினோம். ஒருவர் இரண்டு பக்கம் எழுதி அடுத்தவருக்குத் தபாலில் அனுப்பவேண்டும். பதினொரு ஊர் சுற்றி முதலில் எழுதியவரிடம் திரும்பும். காரியதரிசி நான்.

விதிகளை எழுதியதும் நான்தான். முதல் விதி: நோட்டு யாரிடமும் பதினைந்து நாளுக்கு மேல் இருக்கக்கூடாது, நாள் கணக்கு உறையில் விழுந்த தபால் முத்திரைப்படி. இரண்டாவது: மூன்று முறை தவறினால் பெயர் நீக்கப்படும். மூன்றாவது: பட்டியலில் பெயர் இல்லாதவர் நோட்டில் எழுதக்கூடாது. எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

அவனிடம் முதல் முறை இருபத்துமூன்று நாள் ஆயிற்று. இரண்டாம் முறை இருபத்தாறு. "மலைக்கு நாட்காட்டி ஏறவில்லை போலிருக்கிறது" என்று ஒருவன் நோட்டில் எழுதினான். நான் அதன் கீழே "உண்மை" என்று எழுதினேன். மூன்றாம் முறை இருபத்தெட்டு. 1917இல் சிவப்பு மையால் அவன் பெயரின் மேல் அடிக்கோல் வைத்து ஒரு கோடு போட்டேன். ஒரு கார்டில் அவனுக்குத் தெரிவித்தேன். பதில் இல்லை. பதில் எழுதாததையும் அவன் குற்றமாகவே குறித்துக்கொண்டேன்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. காய்ச்சல் பட்டியலில் அடுத்தது அவனுடைய பைல் நாடு. மலைக்கு வந்த மூன்று மாதத்தில் நான் அந்தப் பக்கம் போகவில்லை. வேலை முறை அப்படி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த முறையையும் நான்தான் வகுத்திருந்தேன். டப்பாவையும் பட்டியலையும் பையில் வைத்தபோது நோட்டையும் சேர்த்து வைத்தேன். அவனை மறுபடி எழுத வைத்துவிடவேண்டும் என்று நினைத்தேன். இருபத்தொரு வருஷம் கழித்து நான் கேட்டால் மறுக்கமாட்டான் என்றும் நினைத்தேன்.

முதல் வீட்டில் ஒரு கிழவி மாத்திரையை வாயில் போட்டு, முகத்தைச் சுளித்து, என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏஞ்சாமி, இந்தக் கசப்ப உங்க ஊட்டுல அம்மிணிக்குக் குடுத்துப் பாத்தீங்களா?"

"இல்லைங்க."

"அதான் இன்னம் உங்ககூட இருக்கறா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் அவள் விழுங்கினாளா என்று பார்த்து, பட்டியலில் குறித்துக்கொண்டேன்.

நான்காவது வீடு அவனுடையது. புல் வேய்ந்த கூரை, மண்சுவர். முற்றத்தில் வாழைத்தார்களை நார் கொண்டு கட்டிக்கொண்டிருந்தான். காதோரம் நரைத்திருந்தது. நிமிர்ந்து பார்த்து எழுந்து நின்றான். தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

"வாங்க. சௌக்கியங்களா?"

"டேய், என்னைத் தெரியவில்லையா?" என்றேன்.

"தெரியாம என்னங்க. நீங்க மேல வந்து மூணு மாசம் ஆச்சுங்களே. மழையளக்கற குமாஸ்தா வந்துருக்கறார், இன்ன மாதிரி இருக்கறார்னு சொன்னாங்க. நீங்கதான்னு நெனச்சேனுங்க. இந்தப் பக்கம் வருவீங்கன்னு பாத்தேன்."

விடுதியில் அவன் என்னை "டேய்" என்றும், கோபம் வந்தால் "அடே கணக்கா" என்றும் கூப்பிட்டவன். இப்போது ஒரு சொல்கூட "ங்க" இல்லாமல் வரவில்லை.

உள்ளேயிருந்து அவன் மனைவி வந்து எட்டிப் பார்த்தார். "யாருங்க?" என்று அவனைக் கேட்டார்.

"கீழ காலேஜுல கூட இருந்தவரு."

அந்த அம்மாளின் முகம் மலர்ந்தது. "அந்த நோட்டுக்காரவுங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். "அந்த நோட்டுக்கு இவரு நடந்த நடை கொஞ்சமில்லீங்க. சந்தைக்குப் போன அடுத்த நாட்டுக்காரவுங்க யாராச்சும் கீழ நோட்டு வந்து கெடக்குதுன்னு சொல்லிட்டாப் போதும், அந்த நிமிசமே எறங்கிருவாரு. பொழுதோட மேல வருவாரு, ஒக்காந்து எழுதுவாரு. விடியறதுக்குள்ள மறுக்காவும் கீழ ஓடிருவாரு. கட்டி வந்த புதுசுங்க. கீழ ஒருத்தி இருக்கறாளோன்னே நெனச்சுப்புட்டேன்."

"சும்மா இரு புள்ள," என்றான் அவன்.

"நான் என்ன இல்லாததையா சொல்றேன்? அப்பறம் நோட்டு வராம நின்னுபோச்சுங்க. நாலு வாரம் போய்ப் போய்க் கேட்டாரு. நோட்டுக்கு இன்னம் கால் மொளைக்கலப்பான்னு ராவுத்தரு சிரிச்சாராம். அஞ்சாவது வாரம் ஒரு கார்டு வந்துச்சு. அதுக்கப்பறம் போகல." அந்த அம்மாள் மோர் எடுக்க உள்ளே போனார்.

நான் நின்றுகொண்டே கேட்டேன். "அப்படியானால் நோட்டு உன் கையில் எத்தனை நாள் இருந்தது?"

"ஒரு ராத்திரிதாங்க. மிச்சமெல்லாம் அந்தத் தகரப் பெட்டியில."

"ஒரு வரி எழுதியிருக்கலாமே."

"எழுதியிருந்தேனுங்களே. கடைசித் தடவ எழுதுன ரெண்டு பக்கமும் அதுதாங்க."

எனக்கு நினைவு வந்தது. நோட்டு தகரப் பெட்டியில் கிடக்கிறது என்ற செய்தி எப்படி மேலே வரும், எந்தப் பாறையைப் பிடித்து இறங்கவேண்டும், எந்த ஓடையில் மழைக்காலத்தில் இரண்டு நாள் காத்திருக்கவேண்டும் என்று அவன் வரிசையாக எழுதியிருந்தான். அதற்கு நான் ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு எழுதியிருந்தேன்: "வர்ணனை நன்று. ஆனால் இருபத்தெட்டு நாள்."

பையிலிருந்து நோட்டை உறையோடு எடுத்து நீட்டினேன். "இப்போது எழுது. என் பக்கத்திலேயே எழுது. நான் எல்லாருக்கும் சொல்லிக்கொள்கிறேன்."

அவன் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாங்கினான். முதல் பக்கத்தைத் திறந்து பட்டியலை மெதுவாகப் படித்தான். பதினொருவரில் ஒருவர் இறந்துவிட்டார். புது நோட்டு மாற்றும்போதெல்லாம் பட்டியலைப் பிரதி செய்பவன் நான். நீக்கிய பெயர்களைப் பிரதி செய்வதில்லை. ஆகவே கோடு போட்ட பெயர்கூட அதில் இல்லை.

"ஒம்போது பேருங்களா," என்றான். பக்கத்தை மூடினான். "பேரு இல்லாதவன் எழுதக்கூடாதுங்க. மூணாவது விதி."

"அந்த விதியை எழுதியது நான். நான் சொல்கிறேன், எழுது."

"அன்னைக்கு நானுந்தானுங்க கையெழுத்துப் போட்டேன்." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குப் பேச வழி இருந்திருக்கும். "எழுத என்னங்க இருக்குது எங்கிட்ட. சாமை வெதச்சேன், வாழ வெட்டுனேன். பெரிய உத்தியோகத்துல இருக்கறவுங்க படிக்கறது." பிறகு உறையைத் திருப்பி முத்திரையைப் பார்த்தான். இருபத்தொரு வருஷம் ஆகியும் அந்த முத்திரை எங்கே இருக்கும் என்று அவனுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. "இருவது நாளாச்சுங்களே. நாளைக்கு நான் தாரு எடுத்துக்கிட்டு எறங்கறேன். ஆறு மணிக்கு முகாமுக்கு வாரேன், குடுங்க. தபால்ல சேத்தர்றேன். இன்னம் தாமசமானா உங்களுக்குக் கெட்ட பேருங்க."

"சரி" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சொல்லி முடித்த பிறகுதான், நான் பெயரை நீக்கியவனையே நோட்டைச் சுமக்க விட்டிருக்கிறேன் என்பது உறைத்தது. மோர் வந்தது, குடித்தேன். அந்த வீட்டில் ஐந்து பேர், காய்ச்சல் யாருக்கும் இல்லை என்று பட்டியலில் எழுதினேன். வாசல் வரை வந்து வழியனுப்பினான். "பாத்துப் போங்க, பாறை வழுக்கும்" என்றான். விடுதியில் இருந்த மற்றவர்களில் ஒருவரைப் பற்றியும் அவன் விசாரிக்கவில்லை. பழைய நாட்களைப் பற்றி நானும் ஒன்றும் பேசவில்லை. அம்மை போட்ட பதின்மூன்று நாளைப் பற்றி இன்றுவரை அவனிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பது முகாமுக்குப் பாதி வழி வந்தபிறகு நினைவுக்கு வந்தது.

மாலை நாலரைக்கு முகாம் சேர்ந்தேன். பழைய நோட்டுகள் எல்லாவற்றையும் எங்கே மாற்றல் ஆனாலும் டிரங்குப் பெட்டியில் கொண்டுபோவது என் வழக்கம். 1917ஆம் வருஷத்து நோட்டை எடுத்தேன். அவன் பக்கங்கள் இரண்டையும் படித்தேன். அதில் வர்ணனை எதுவும் இல்லை. வாதம்தான் இருந்தது. ஒவ்வொரு நாளும் எங்கே போயிற்று என்று தேதியோடு எழுதியிருந்தான். என்னைப் போன்ற ஒருவனுக்குப் புரியட்டும் என்றுதான் அத்தனை துல்லியமாக எழுதியிருக்கவேண்டும். அதற்குத்தான் நான் "நன்று" போட்டிருக்கிறேன்.

என் இரண்டு பக்கத்தில் என்னுடையதாக ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே உட்கார்ந்து, அவன் எழுதிய இரண்டு பக்கத்தையும் ஓர் எழுத்து விடாமல் பிரதி எடுத்தேன். ஓரத்தில் இருந்த என் குறிப்பையும் அப்படியே சிவப்பில் எழுதினேன். அவனிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்றிருப்பான். பிறகு பட்டியலைத் திறந்து, அடிக்கோல் வைத்து, என் பெயரின் மேல் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் "இருபத்தொரு நாள்" என்று எழுதினேன், மறுநாளையும் சேர்த்து. ஒரு தவறுக்கே நீக்கம் என்பது விதிப்படி சரியல்ல. அதுவும் தெரிந்தே செய்தேன்.

மறுநாள் புதன்கிழமை. காலை முதல் வேலையாக, அவன் வருவதாகச் சொன்ன ஆறு மணிக்கு அரைமணி முன்னால், நோட்டை எண்ணெய்த்துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு நானே காளப்பநாயக்கன்பட்டிக்கு இறங்கினேன்.