எழும்பினால் தோல்வி

யுத்த காலத்தில் கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அறையை நானும் மலையகத்து ஹட்டன்காரர் ஒருவரும் வாடகைக்கு எடுத்திருந்தோம். நான் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் கிளார்க். அவருக்குக் காலி வீதி என்ற பெருந்தெருவில் சேலைக் கடையில் வேலை. என்னோடு யாழ்ப்பாணத்தில் படித்த சிநேகிதன் ஒருவன் கொட்டாஞ்சேனையிலிருந்து ஞாயிறு தோறும் எங்களோடு கடதாசி விளையாட வருவான். பிறகு அவனும் எங்கள் அறைக்கே குடிவந்துவிட்டான்.

முந்நூற்றிநாலு, நாலு பேர் ஆடுகிற சீட்டாட்டம். மூன்று பேருக்காக அதை வளைக்கப் போய், வளைப்பதே எங்களுக்கு ஆட்டமாகிவிட்டது. தோற்றவர் ஒரு சட்டத்தை மாற்றலாம், அல்லது புதிதாக ஒன்று போடலாம். எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதினோம். ஆடியதைவிட அந்தக் கொப்பியை வைத்துச் சண்டை பிடித்ததுதான் அதிகம். கந்தோரில் ஐயா சொல்லச் சொல்ல டைப் அடிக்கிற எனக்கு, வாதாட அங்கே மட்டும்தான் இடம் கிடைத்தது.

"ஆட்டம் முடியுமுன் எழும்புகிறவர் தோற்றவர்" என்பது நான் போட்ட சட்டம். தோற்கப் போகிற நேரமாகப் பார்த்து ஹட்டன்காரர் தேத்தண்ணி போடப் போய்விடுவார், அதற்காக.

சிநேகிதன் குடிவந்த வாரம், ஞாயிறு மூன்று மணியளவில், கையிலிருந்த கடதாசியை வைத்துவிட்டுப் பொலிஸுக்குப் போக எழும்பினான். வடக்கு ஆட்கள் வீடு மாறினால் அந்த இடத்துப் பொலிஸில் பதிய வேண்டும். வீட்டுக்காரர் அன்று காலைதான் அதற்குக் கடிதம் கொடுத்திருந்தார்.

"நான் எழும்பிட்டன். அப்ப தோத்திட்டன். தோத்தவன் சட்டம் மாத்தலாம். இனி ஆரும் எப்பவும் எழும்பலாம். எழுது மச்சான்" என்று சிரித்தான்.

எனக்குச் சுருக்கென்றது. என் சட்டத்தை வைத்தே என்னை மடக்குகிறான். "விட்டிட்டு ஓடுறவனுக்குத் தோல்வி மட்டுந்தான். கடைசிவரைக்கும் இருந்து தோத்தவனுக்குத்தான் மாத்திற உரிமை" என்றேன்.

"அப்பிடி எங்க எழுதியிருக்கு? காட்டு பாப்பம்."

"விடுங்கண்ணே, அவரு போயி பதிஞ்சிட்டு வரட்டும். வந்து பேசிக்கலாம்" என்றார் ஹட்டன்காரர்.

நான் விடவில்லை. "இப்ப போனா நீ வாதத்திலயும் தோத்த மாதிரி" என்று சீண்டினேன். அவனுக்கும் ரோசம். திரும்ப உட்கார்ந்தான். கொப்பியை முதல் பக்கத்திலிருந்து வாசித்தோம், கத்தினோம், பொழுதுபடும்வரை விடவில்லை. கடைசியில் அவன் கையைத் தூக்கிவிட்டான்.

"சரி, நீ வெண்டாய். நாளைக்கு வேலையால வந்து பதியிறன்."

எனக்கு அப்போது எவ்வளவு சந்தோசம் என்பதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடிக்க வேண்டும் போலிருக்கிறது.

திங்கள் காலை காலி வீதியில் பஸ்ஸை மறித்துச் சோதித்தார்கள். அவனுடைய அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம், கையில் வெள்ளவத்தைப் பதிவு இல்லை. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனதைக் கடை வாசலில் நின்று பார்த்த ஹட்டன்காரர்தான் ஓடிவந்து சொன்னார். நாங்கள் ஏறி இறங்காத பொலிஸ் இல்லை. போன இடமெல்லாம் அப்படி ஒருவர் இல்லை என்றார்கள்.

இரண்டு மாதத்துக்குப் பிறகு அவனுடைய அம்மா வவுனியாவிலிருந்து வந்தா. அவனுடைய கட்டிலில் உட்கார்ந்து, மடித்து வைத்திருந்த சேர்ட்டுகளைத் தடவிக்கொண்டே கேட்டா.

"அந்த ஞாயித்துக்கிழமை காலமை போன் எடுத்து, பதியப் போறன் எண்டு சொன்னவன். ஏன் தம்பி போகேல்லை?"

ஹட்டன்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"போனவன் அம்மா. அங்க சனம் கூடிப்போச்செண்டு திரும்பி வந்திட்டான்" என்றேன்.

அவ நெற்றியில் அடித்துக்கொண்டா.

"என்ர பிழைதான். சாப்பிட்டிட்டு ஆறுதலாப் போ எண்டு நான்தான் சொன்னனான். காலமையே போகச் சொல்லியிருந்தா சனம் இருந்திருக்காது."

அந்தப் பொய்யை நான் திருத்தவேயில்லை. சாகும்வரை அவ அதையே சொல்லிச் சொல்லி அழுதாவாம்.