மூன்று செடிக்கு ஒரு வரைபடம்

"சுவரோட ஒட்டிப் பிடிங்க, ஹெர் ஸீபர்ட். தொங்கவிட்டீங்கன்னா டேப்பு ரெண்டு சென்டிமீட்டர் பொய் சொல்லும்."

ரோஸ்வித்தா பேனிஷ் டேப்பின் ஒரு முனையை என் கையில் திணித்துவிட்டு, மறுமுனையோடு அறையின் அந்தக் கோடியில் மண்டியிட்டிருந்தாள். நான் அவளுக்கு எதிர்வீட்டுக்காரன். எங்களுக்குள் இன்னும் ஹெர், ஃப்ராவ் என்ற ஐயா, அம்மா மரியாதைதான். காபிக்கொட்டை வறுக்கும் ஆலையில் வேலை. சர்க்கரை கடன் கேட்பாள் என்று நினைத்துக் கதவைத் திறந்தால், கஞ்சா வளர்க்க அறையை அளக்கணும், ஒரு கை கொடுங்க என்கிறாள். அறுபத்தொரு வயசு. முழங்கால் இரண்டும் மண்டியிடும்போது பட்பட்டென்று சத்தம் போடுகின்றன.

இதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. அந்த ஏப்ரலில்தான் ஜெர்மனியில் சட்டம் மாறியிருந்தது. வயது வந்த ஒருவர் தன் வீட்டுக்குள் மூன்று செடி வைத்துக்கொள்ளலாம். கெம்னிட்ஸ் நகரத்தில் பாதிப் பேர் அதைப் பற்றி வாய் கிழியப் பேசினார்கள். ரோஸ்வித்தா பேசவில்லை. கட்டம் போட்ட தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவளுடைய தொழில் அது. முப்பத்துநாலு வருஷம் காற்றுக்குழாய் வரைந்தவள். ஆஸ்பத்திரி அறுவைக்கூடம், இறைச்சிக்கூடம், நீச்சல்குளம் என்று எங்கெல்லாம் கெட்ட காற்று வெளியே போய் நல்ல காற்று உள்ளே வரவேண்டுமோ, அதற்கெல்லாம் முதலில் அரசாங்கத் தொழிற்சாலையிலும், அது மூடியபிறகு ஒரு தனியார் கம்பெனியிலும் படம் போட்டாள். குழாய் மாட்டுகிற ஆட்கள் அவள் படத்தைப் பார்த்து, "பொம்பளை போட்ட கோடு, காத்து வழி தெரியாம அழும்" என்று கேலி செய்வார்களாம். மாட்டி முடித்து விசிறியைப் போட்டால் காற்று அவள் போட்ட கோட்டில்தான் போகும். அந்தத் திமிர் அவளுக்கு இன்னும் இருக்கிறது. இருக்கட்டும், உழைத்துச் சம்பாதித்த திமிர்.

"எதுக்கு இவ்வளவு சிரமம், ஃப்ராவ் பேனிஷ்? வாரத்துக்கு ஒண்ணுதானே பிடிக்கறீங்க?" என்று கேட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒன்று. பல வருஷப் பழக்கம். எனக்கும் தெரியும், மாடிப்படிக்கும் தெரியும்.

அவள் டேப்பைச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள். "எனக்கு விக்கறவன் டிராம் நிறுத்தத்துல நிப்பான். முப்பது வயசு இருக்கும். போன வாரம் என்னைப் பார்த்துட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கத்துலேருந்து கத்தறான்: 'பாட்டி, வழக்கம்போலத்தானா?' டிராம்ல இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பாக்கறாங்க. அதுல என் பல் டாக்டரும் இருந்தாரு."

"ஐயோ."

"நான் அந்த இடத்துக்கு இனிமே போகமாட்டேன். செத்தாலும் போகமாட்டேன். என் செடி, என் அறை, என் காத்து."

அதுதான் விஷயம். ஒன்று செடி வளரவேண்டும், இல்லாவிட்டால் அவள் மறுபடி அவன் முன்னால் போய் நிற்கவேண்டும்.

கோடை முழுவதும் திட்டம் போட்டாள். எண்பது சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு துணிக் கூடாரம், உள்பக்கம் வெள்ளி பூசியது. மேலே விளக்கு. கூடாரத்தின் காற்றை இழுத்து, வாசனையைப் பிடித்துக்கொள்ளும் கரி வடிகட்டி வழியாக வெளியே விட ஒரு விசிறி. "உள்ளே இருக்கற காத்து எப்பவும் கொஞ்சம் குறைவாவே இருக்கணும். அப்பத்தான் வெளிக்காத்து உள்ளே போகும், உள்காத்து கரி வழியா மட்டும்தான் வெளியே வரும்" என்று படத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டினாள். நீல அம்பு உள்ளே போகிற காற்று, சிவப்பு அம்பு வெளியே வருகிற காற்று. எங்கள் ஆலையின் புகைபோக்கிக்குக்கூட இவ்வளவு அழகான படம் கிடையாது. ஒன்று முளைக்காவிட்டால் என்ன செய்வீர்கள், நாலு விதை வாங்குங்களேன் என்றேன். "நாலும் முளைச்சுட்டா? சட்டம் மூணுன்னா மூணு" என்று என்னைக் குற்றவாளியைப் போலப் பார்த்தாள்.

சட்டம் சரி. சட்டத்தைவிடப் பெரியது கீழ்வீட்டில் இருந்தது.

ஃப்ராவ் ஹெம்பெல், எழுபத்துநாலு வயது, ரோஸ்வித்தாவுக்கு நேர் கீழே தனியாக இருப்பவர். எங்கள் கட்டட விதிகளைத் தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறை போட்டு, வாசலில் மாட்டியவர் அவர்தான். யார் எந்த வாரம் படி கூட்டவேண்டும், சைக்கிள் எங்கே நிற்கவேண்டும், எல்லாம் அதில் உண்டு. எங்காவது ஒரு விதி மீறப்பட்டால் அந்த அம்மாளுக்கு மூக்கில் வியர்த்துவிடும். கூடாரம் பெட்டியில் வந்து இறங்கிய அன்றே மேலே ஏறி வந்துவிட்டார்.

"நாத்தம் வருமே, ஃப்ராவ் பேனிஷ்."

"வராது."

"வரும்னு சொல்றாங்க."

"சொல்றவங்க காத்துக்குழாய் வரைஞ்சிருக்காங்களா?"

"வந்தா?"

"வந்தா நானே வெட்டிப் போடறேன். அன்னைக்கே. எழுதித் தரட்டுமா?"

எழுதித் தரட்டுமா என்று ஃப்ராவ் ஹெம்பெலிடம் கேட்பது, பசித்தவனிடம் சாப்பிடுகிறாயா என்று கேட்பது மாதிரி. மறுநாள் மூன்று பிரதிகள் தயார். வாசனை ஒரே ஒரு முறை கீழ்வீட்டுக்குள் வந்தாலும், அன்றே மூன்று செடியும் மக்கும் குப்பைத் தொட்டிக்குப் போகும். சாட்சிக் கையெழுத்து நான். காபி ஆலைக்காரன், மூக்கு நல்ல மூக்கு, அதனால் சனிக்கிழமைதோறும் படிக்கட்டை மோந்து பார்த்துச் சொல்லும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. ஊரில் எத்தனையோ பேர் நடுவராக இருந்திருக்கிறார்கள், மோப்பத்துக்கு நடுவர் நான்தான்.

செப்டம்பரில் விதை போட்டாள். மூன்றும் முளைத்தன. அக்டோபர் கடைசியில் இடுப்பளவு. விளக்கு காலை ஏழுக்கு எரிந்து மாலை ஏழுக்கு அணையும்படி வைத்ததும் பூ கட்டத் தொடங்கிற்று. நான் சனிக்கிழமைதோறும் படியில் நின்று மூக்கை உறிஞ்சுவேன். மெழுகு வாசனை, யாரோ வேகவைத்த முட்டைக்கோஸ் வாசனை, அவ்வளவுதான். கீழ்க் கதவு ஒரு விரல் அளவு திறந்திருக்கும். அதற்குள்ளிருந்து, "என்ன?" என்று கேட்கும். "ஒண்ணுமில்லே" என்பேன். கதவு ஏமாற்றத்தோடு மூடும்.

டிசம்பர் முதல் வாரம், ஒரு வியாழக்கிழமை. எனக்கு அன்று மதிய வேலை. காலை எட்டுக்கு என் வீட்டு மணி அடித்தது. ஃப்ராவ் ஹெம்பெல் தன் இறகுப் போர்வையை இரண்டு கையிலும் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு நின்றார்.

"மோந்து பாருங்க."

மோந்து பார்த்தேன். பொய் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வாசனை தெளிவாக இருந்தது. பிசினும் எலுமிச்சைத் தோலும் கலந்த கனமான வாசனை.

"அதுதான்" என்றேன்.

ரோஸ்வித்தா நம்பவில்லை. மெல்லிய காகிதத்தைக் கீற்றாகக் கிழித்துக் கூடாரத்தின் ஒவ்வொரு துளையிலும் பிடித்துக் காட்டினாள். காகிதம் எல்லா இடத்திலும் உள்பக்கமே இழுபட்டது. வடிகட்டியில் மூக்கை வைத்து மோந்தேன், சுத்தம். விசிறி ஓடிக்கொண்டிருந்தது. படத்தைக் கொண்டுவந்து தரையில் விரித்து அம்பு அம்பாக விரலை ஓட்டினாள். எல்லாம் சரி. போர்வை மட்டும் நாறியது.

"எங்கே தப்புன்னு தெரியலையே" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வாக்கியத்தை நான் அதுவரை கேட்டதில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்வது எளிது. சறுக்குகிற யானையைப் பக்கத்தில் நின்று பார்ப்பது கஷ்டம்.

"அறுவடைக்கு மூணு வாரம்தானே இருக்கு. நாளைக்குப் பேசிக்கலாமே" என்று இழுத்தேன்.

"அன்னைக்கேன்னு எழுதியிருக்கேன்." சமையலறையிலிருந்து கத்தரிக்கோலோடு வந்தாள். கூடாரத்தைத் திறந்தாள். பூ நுனிகள் பனி படிந்தாற்போல மின்னின. முதல் செடியின் தண்டில் கத்தரியை வைத்து அழுத்தினாள். தண்டு விரல் தடிமன், இரண்டு கையாலும் அழுத்தவேண்டியிருந்தது. செடி சாய்ந்தது.  ஃப்ராவ் ஹெம்பெல் போர்வையை இறுக்கி அணைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயித்தவர் முகம் மாதிரி இல்லை அது.

நேரத்தைக் கடத்தவாவது எதையாவது கேட்போமே என்று கேட்டேன்: "போர்வை எங்கே இருந்துச்சு, ஃப்ராவ் ஹெம்பெல்?"

"எங்கே இருக்கும்? ஜன்னல் விளிம்புலதான். காலையில படுக்கையைக் காத்தாட போடவேண்டாமா? ஏழு மணிக்குப் போட்டேன். முப்பத்தெட்டு வருஷமா ஏழு மணிக்குத்தான் போடறேன்."

கத்தரிக்கோல் இரண்டாவது தண்டில் அப்படியே நின்றது.

"ஏழு மணிக்கா?"

ரோஸ்வித்தா எழுந்து ஜன்னலைத் திறந்து கீழே எட்டிப் பார்த்தாள். நேர் கீழே ஃப்ராவ் ஹெம்பெலின் படுக்கையறை ஜன்னல். அவள் திரும்பியபோது முகம் காதுவரை சிவந்திருந்தது.

"நானும் ஏழு மணிக்குத்தான் ஜன்னலைத் திறக்கறேன். எல்லா ஜன்னலையும். பத்து நிமிஷம்."

அதில் ஆச்சரியம் என்ன? பனி கொட்டினாலும் காலையில் ஜன்னலை விரியத் திறந்து வீட்டுக் காற்றை மாற்றாதவர்கள் இந்த ஊரில் யார்? பல் தேய்க்காமல்கூட இருப்பார்கள்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம்..." தரையைப் பார்த்தாள். "இந்த ரெண்டு நாளா கூடாரத்து ஜிப்பையும் திறந்துவிடறேன். பாவம், ராத்திரி பூரா உள்ளேயே அடைஞ்சு கெடக்குதுங்களேன்னு."

எனக்கு அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டேன். முப்பத்துநாலு வருஷம் ஒவ்வொரு படத்தின் அடியிலும் 'ஜன்னல்களைத் திறக்கக் கூடாது' என்று சிவப்பு மையில் எழுதியவள். மீறி ஜன்னலைத் திறந்த ஓர் இறைச்சிக்கூடத்து மேலாளரைப் போனில் அழவைத்ததாக என்னிடம் பெருமையடித்தவள். விசிறி, கரி, அம்பு, எல்லாவற்றையும் பூட்டினாள். தன் கையை மட்டும் பூட்டாமல் விட்டுவிட்டாள்.

"சிரிங்க, சிரிங்க. நானா இருந்தாலும் சிரிப்பேன்" என்றாள். சொல்லிவிட்டு மறுபடி மண்டியிட்டுக் கத்தரியை எடுத்தாள். "காரணம் எதுவா இருந்தா என்ன? வாசனை வந்துச்சு. கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"நிறுத்துங்க!"

ஃப்ராவ் ஹெம்பெல் போர்வையைக் கீழே போட்டுவிட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"விதி ஒன்பது. குடியிருப்போர் தினமும் காலையில் ஜன்னல்களை முழுமையாகத் திறந்து காற்று மாற்றவேண்டும். எழுதினது நான். நீங்க அதைத்தானே செஞ்சிருக்கீங்க?"

"ஜிப்பைப் பத்தி விதியில ஒண்ணும் இல்லையே."

"இல்லை. அது என் தப்பு, எழுதியிருக்கணும். விதிப்படி நடந்தவங்களை நான் எப்படிங்க தண்டிக்கறது?"

"ஒப்பந்தம்னா ஒப்பந்தம்தான், ஃப்ராவ் ஹெம்பெல். விடுங்க கையை."

"விடமாட்டேன். அது என் தாள், நான் கிழிப்பேன்."

வெட்டச் சொன்னவர் வெட்டாதே என்கிறார், வளர்த்தவள் வெட்டியே தீருவேன் என்கிறாள். ரெண்டும் ஒரே மண்ணில் பிடித்த சிலைகள். கடைசியில் நான்தான் நடுவர் என்பது நினைவுக்கு வந்து, கத்தரிக்கோலைப் பிடுங்கி என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வெட்டியது ஒன்று, மிச்சம் இரண்டு. புது நிபந்தனையை ஃப்ராவ் ஹெம்பெலே சொன்னார்: தினமும் காலை ஏழுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவர் மேலே வந்து, ஜிப் மூடியிருக்கிறதா என்று பார்ப்பார். பார்த்தபிறகுதான் ஜன்னல்.

வந்தார். ஒரு நாள் தவறவில்லை. குளியல் அங்கியும் கம்பளிச் செருப்புமாக, ஆறு ஐம்பதுக்கு மணி. முதல் வாரம் ஜிப்பை இழுத்துப் பார்த்துவிட்டு உடனே இறங்கிவிடுவார். ஒரு நாள் ரோஸ்வித்தா, படி ஏறி வந்த உடனே எதற்கு இறங்கவேண்டும், சமையலறைக்கு வாருங்கள் என்றாள். அப்புறம் காபி. கிறிஸ்துமஸ் நெருங்கியபோது பழரொட்டித் துண்டு ஒன்று தட்டில் மூடி வந்தது. காலை வேலைக்குப் போகும்போது அந்தக் கதவுக்குப் பின்னால் ரெண்டு பேரும் முதல் மாடிக்காரன் படி கூட்டிய லட்சணத்தைப் பிரித்து மேய்வது கேட்கும். நன்றாகவே மேய்ந்தார்கள்.

கிறிஸ்துமஸ் முடிந்து அறுவடை. கூடாரத்துக்குள்ளேயே தொங்கவிட்டுப் பத்து நாள் உலர்த்தினாள். அப்போதும் ஜிப் பரிசோதனை உண்டு. இரண்டு செடிக்கும் சேர்த்து நாற்பத்தெட்டு கிராம். வீட்டில் ஐம்பது கிராம் வரைதான் வைத்துக்கொள்ளலாம் என்பது சட்டம். "பாத்தீங்களா, மூணாவது செடி இருந்திருந்தா நான் குத்தவாளி" என்றாள் ரோஸ்வித்தா, இதையும் தானே திட்டமிட்டவள் போல. ஒரு வருஷத்து வெள்ளிக்கிழமைகள் இரண்டு கண்ணாடி ஜாடியில் அலமாரிக்குள் பூட்டப்பட்டன. டிராம் நிறுத்தத்தைத் தாண்டிப் போகும்போது இப்போது தலையை நிமிர்த்திக்கொண்டு போகிறாள். அடுத்தவருக்குக் கொடுப்பது குற்றம் என்பதால் எனக்கு ஒரு பூகூடத் தரவில்லை. கேட்டும் பார்த்தேன்.

ஜாடி மூடிய மூன்றாம் நாள், காலை வேலைக்குக் கிளம்பிக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன். ஃப்ராவ் ஹெம்பெல் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி வந்து மணி அடித்தார். ஆறு ஐம்பது.

ரோஸ்வித்தா கதவைத் திறந்தாள். "கூடாரம் காலிங்களே. அடுத்த விதை இனி செப்டம்பர்லதான். நேத்துகூடச் சொன்னேனே."

"தெரியும்." ஃப்ராவ் ஹெம்பெல் அங்கியின் கயிற்றை ஒருமுறை அவிழ்த்து மறுபடி கட்டினார். என்னைப் பார்த்தார், படியைப் பார்த்தார். "இருந்தாலும் ஜிப் மூடியிருக்கான்னு பாத்துடலாமேன்னு."

 பூட்டிய கதவை இன்னொரு தடவை பூட்டினேன்.

"ஆமா, மறந்தே போனேன், திறந்து கெடக்கு. ஒரு நிமிஷம் இருங்க, மூடிட்டு வரேன்" என்று ரோஸ்வித்தா உள்ளே ஓடினாள். ஜிப் ஏறும் சத்தம் படிவரை கேட்டது. ஃப்ராவ் ஹெம்பெல் மிதியடியில் செருப்பைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.